முப்பத்தொரு தையல் மிஷின்கள்

முப்பத்தொரு வீடு, முப்பத்தொரு தையல் மிஷின். அந்தக் குடியிருப்பைப் பற்றி அரசாங்கக் கணினியில் இருபது வருஷமாக இருந்தது இதுதான். வீட்டுக்கு ஒரு மிஷின் ஓடுகிற இடம் என்றால் அது ஒரு சின்ன ஆலையாக இருக்க வேண்டும். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே பாதிப் பேர் சட்டையில் பித்தானே இருக்காது.

"உங்க ஆளுங்க எல்லாரும் டெய்லருங்களா?" என்று கண்காணிப்பாளர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. திரையில் இருப்பதைத்தான் நம்புவார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

சின்னவள் உட்காரவில்லை. அவள் எங்கேயும் உட்கார மாட்டாள். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று பெற்ற தாயே சொல்வாள். அந்தக் குடியிருப்பிலிருந்து படித்து வேலைக்கு வந்த முதல் பெண் அவள். கணக்கெடுப்புத் துறையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"சார், அங்க இருந்தது ஒரே ஒரு மிஷின். நாளைக்கு நானே போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"போங்க. பஸ் இல்லாத இடம்னு வேற யாரும் போக மாட்டேங்கறாங்க. ஆனா அஞ்சு மணிக்கு டேப்லெட் தானா பூட்டிக்கும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் திறக்காது."

வீட்டுக்கு எட்டுக் கேள்வி. பிரிட்ஜ் உண்டா, டிவி உண்டா, தையல் மிஷின் உண்டா, வண்டி உண்டா என்று போகும். நாளைக்கு வேண்டிய சாப்பாடு இன்றைக்கே வீட்டில் உண்டா என்பது எட்டாவது. இரண்டு கேள்விக்கு 'உண்டு' விழுந்தால் அது வசதியான வீடு. வசதியான வீடு மூன்றுக்கு மேல் போனால் குடியிருப்பே வசதியானது. ஏழைப் பட்டியலில் பெயர் வராது. பட்டியலில் பெயர் வராத இடத்துக்கு மனைப் பட்டா கிடையாது. பட்டா இல்லாத மண்ணைப் பக்கத்துக் கிடங்குக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டும் விட்டது. போன வருஷம் கடைசி வீட்டிலிருந்து நூறு அடி தள்ளியிருந்த கிடங்கு மதிலில்தான் இப்போது அந்த வீட்டுத் துணிக்கொடியின் மறுமுனையைக் கட்டியிருக்கிறார்கள்.

போன கணக்கெடுப்பில் மிஷின் ஒன்றே போதுமானதாக இருந்தது, மொத்தக் குடியிருப்பையும் பட்டியலிலிருந்து தள்ளிவிட. அந்த மிஷின் கதையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

குடியிருப்புக்காரர்கள் மலையில் இருந்த காலத்தில் பாலும் தேனும் ஓடியதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தேன் இருந்தது, பாறையில் ஏறி எடுக்கிறவனுக்கு இடுப்பும் ஒடிந்தது. ஒரு வீட்டில் கிடைத்தால் இன்னொரு வீட்டில் கிடைக்காது. அதனால் ஒரு பழக்கம் இருந்தது. யார் வீட்டுக்கு வெளியாள் வந்தாலும், வந்தவன் கண் வெறும் மூலையில் விழக் கூடாது. அவன் கேட்டதற்கு 'இல்லை' என்று வாய் திறந்து சொல்லக் கூடாது. எந்த வீட்டில் பானை நிறைந்திருக்கிறதோ அந்தப் பானை அவனுக்கு முன்னால் பின்வாசல் வழியாக வந்துவிடும். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. ஒரு வீட்டில் இருந்தால் எல்லா வீட்டிலும் இருப்பதாகத்தான் அர்த்தம்.

பிறகு காட்டுக்கு வேலி வந்தது. தேன் எடுத்தவன் அதே காட்டில் கூலிக்கு மரம் வெட்டினான். மரம் தீர்ந்ததும் சுரங்கம் வந்தது, மலையே அவர்களுக்கு இல்லை என்று ஆனது. லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து, வரிசையாக முப்பத்தொரு வீடு கட்டிக் கொடுத்து, பெண்கள் பிழைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு தையல் மிஷினும் கொடுத்தார்கள். முப்பத்தொரு வீட்டுக்கு ஒன்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த வருஷமே ஓர் அதிகாரி கணக்கெடுக்க வந்தார். மனுஷன் படியேறி உட்காருவதற்குள் மிஷின் அந்த வீட்டுக்குள் வந்துவிடும். அவர் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும்போது சித்தப்பாவும் மாமாவும் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் பின்கதவில் நிற்பார்கள். அப்போது சின்னவளுக்கு எட்டு வயது. நூல்கண்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், சிரிப்பை அடக்க முடியாமல். அன்றைக்கு அவளுக்கு அது விளையாட்டு.

அதனால்தான் முந்தின நாளே போன் போட்டுச் சொன்னாள். "யாரும் எதையும் தூக்கக் கூடாது. இருக்கறது இருக்கற இடத்துல இருக்கட்டும். புரியுதா?"

"சரிம்மா," என்றார்கள். முப்பத்தொரு வீட்டிலும் சரிம்மா. இல்லை என்று சொல்லத் தெரியாத ஜனம் வேறு என்ன சொல்லும்?

பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தாள். கிடங்குச் சாலையில் இரண்டு மைல் நடை. கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ, கையில் டேப்லெட். ஆறு மணி நேரம், முப்பத்தொரு வீடு. மனசுக்குள் வகுத்துப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

முதல் வீடு சித்தப்பா வீடு. பெரிய கடைவளாகம் ஒன்றில் காவலாளி வேலை அவருக்கு. அந்தக் கடையில் மலைத்தேன் என்று புட்டியில் விற்கிறார்கள். புட்டியில் ஒட்டியிருக்கிற படத்தில் இருப்பவன் சித்தப்பாவின் அண்ணன் மாதிரியே இருப்பான். அதையும் சேர்த்துத்தான் அவர் காவல் காக்கிறார்.

சின்னவள் வாசலில் நின்று, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, டேப்லெட் பதிவு செய்துகொள்ளும்படி உரக்கச் சொன்னாள். "வணக்கம். நான் கணக்கெடுப்புத் துறையிலிருந்து வருகிறேன். உள்ளே வரலாமா?"

உள்ளே கசகசவென்று ஒரு சத்தம். சித்தப்பா சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அறையைப் படம் எடுத்தாள். படம் தானாகப் போய்ச் சேர்ந்தது. கேள்விகளைக் கடகடவென்று ஓட்டினாள். கண் திரையில்தான் இருந்தது, வீட்டில் இல்லை. இரண்டாவது வீட்டிலும் அதே வேகம். மூன்றாவது வீட்டில் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

நீல பிரிட்ஜ். கதவில் குழந்தை ஒட்டிய வாத்துப் படம். வாத்தின் கழுத்து கிழிந்திருந்தது. பக்கத்தில் டிவி. இரண்டுக்கும் ஒயர் எங்கேயும் சொருகியிருக்கவில்லை. அந்த வாத்தை அவள் இதற்கு முன்னாலேயே பார்த்திருந்தாள், இன்றைக்கே, இரண்டு தடவை.

திரும்பிச் சித்தப்பா வீட்டுக்கு ஓடினாள். பிரிட்ஜ் நின்ற இடத்தில் தரையில் நான்கு ஈரத் தடம். சித்தப்பாவின் மகன் பின்வாசலில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றான். வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். எல்லாரும் அவனைப் பார்சல் என்றே கூப்பிடுவார்கள். பிரிட்ஜ் அவனுடையது, பழைய சாமான் விலைக்கு வாங்கியது. அதை ஏற்றி இறக்குவதற்காகவே இன்றைக்கு லீவு போட்டு, வேலை இடத்துத் தள்ளுவண்டியையும் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணே, உனக்கு அறிவிருக்கா? நேத்து அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நான் என்ன பண்ணுவேன்? எல்லாரும் கேக்கறாங்க."

"மூணு வீடு போச்சு! அனுப்பினது அனுப்பினதுதான். இனி ஒரு வீடு விழுந்தாலும் மண்ணு போயிடும். சித்தப்பா, நான் யாரு? நம்ம வீட்டுப் பொண்ணுதானே? எங்கிட்ட எதுக்கு இந்த வேஷம்?"

சித்தப்பா நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீதானேம்மா வாசல்ல நின்னு உள்ள வரலாமான்னு கேட்ட."

"அது... கேக்கணும்னு சட்டம்."

"நம்ம வீட்டுப் பொண்ணு எந்த வீட்டு வாசல்ல நின்னு கேட்டிருக்கா? ஷூ போட்டுக்கிட்டு, அட்டை மாட்டிக்கிட்டு, உள்ள வரலாமான்னு கேட்டா அது விருந்தாளிதானே. விருந்தாளிக்கு நாற்காலி போடாம, வெறும் வீட்டைக் காட்டி அனுப்பச் சொல்றியா? எங்க மூஞ்சி என்ன ஆகும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் எங்கேயோ போய், அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. மணி பதினொன்றே முக்கால்.

ஷூவைக் கழற்றிச் சித்தப்பா வீட்டு மூலையில் எறிந்தாள். அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். ஆனால் 'உள்ளே வரலாமா' என்ற குரல் பதிவாகாமல் டேப்லெட் அடுத்த பக்கத்துக்குப் போகாது. என்ன செய்வது? தெருவில் நின்று கிடங்கு மதிலைப் பார்த்துச் சொன்னாள்: "வணக்கம். உள்ளே வரலாமா?" மதில் ஒன்றும் சொல்லவில்லை. டேப்லெட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு பின்வாசல் வழியாக நான்காவது வீட்டுக்குள் நுழைந்தாள். யாரையும் கேட்கவில்லை. பானையைத் திறந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். "என்ன, வீட்டை இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க, பெருக்கறதே இல்லையா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். தரையில் குந்தி, "பிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டாள்.

"எங்கடி இருக்கு? அந்தப் பார்சல் பய இன்னும் கொண்டு வரல."

"டிவி?"

"அடி போடி, கேக்கறா பாரு."

இல்லை, இல்லை, இல்லை. விரல் ஓடியது. தண்ணீர் குடித்துக் குடித்தே வயிறு பானையாகிவிட்டது. ஐந்தாவது வீடு, ஒன்பதாவது வீடு, பதினாறாவது வீடு. கல் உடைக்கிறவர், அலுவலகம் கூட்டுகிறவள், கிடங்கிலேயே மூட்டை தூக்குகிறவர். ஒரு காலத்தில் முப்பத்தொரு வீட்டுக்கும் ஒரே வேலை இருந்தது. இப்போது வீட்டுக்கு ஒரு வேலை, அதுவும் பாதி நாள் இருக்காது. மிஷினில் கொஞ்ச காலம் எல்லாரும் முறை வைத்துத் தைத்தார்கள். தைத்த சட்டையைவிட மலிவாகக் கடையில் சட்டை வந்த பிறகு அதுவும் நின்றது.

மிஷின் கேள்வியில் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் முட்டுக்கட்டை. 'முன்பு உண்டு. இப்போது இல்லை. என்ன ஆனது?' என்று டேப்லெட் கேட்டது. விற்றது, திருட்டுப் போனது, உடைந்தது என்று மூன்று பதில். விற்றது என்றால் பணம் எங்கே என்று கேட்கும். திருட்டு என்றால் போலீஸ். எப்போதுமே இருந்ததில்லை என்று ஒரு பதில் அங்கே இல்லவே இல்லை. அவள் 'உடைந்தது' என்று அழுத்திக்கொண்டே போனாள். பிறக்காத முப்பது மிஷின்கள் ஒரே மத்தியானத்தில் உடைந்து போயின.

நாலரை மணிக்கு ஒரே வீடு பாக்கி. மதிலோரத்துக் கடைசி வீடு. துணிக்கொடி வீடு. அவளுடைய அம்மா வீடு.

பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அம்மா, கதவைத் திற."

"முன்வாசலுக்கு என்ன கேடு?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "முப்பது வீட்டுக்கும் திருடி மாதிரி பின்னாடியே போனியாமே? என் வீட்டுக்கு நேரா வா. என் பொண்ணு ஆபீசரா வந்திருக்கான்னு நாலு பேர் பாக்கட்டும்."

தலையில் அடித்துக்கொண்டு சின்னவள் சுற்றிவந்தாள். முன்வாசலில் அம்மா நல்ல துணி உடுத்தி, எண்ணெய் வைத்துத் தலைவாரி நின்றாள். அப்பா போன பிறகு அவள் அப்படித் தலைவாரி யாரும் பார்த்ததில்லை. உள்ளே நீல பிரிட்ஜ், டிவி, மடித்த துண்டு போட்ட சிவப்பு நாற்காலி. மூலையில் பார்சல் தள்ளுவண்டியோடு அசடு வழிந்தான். "பெரியம்மா கேக்கல. நான் எவ்வளவோ சொன்னேன்."

அவனுக்குப் பின்னால் தையல் மிஷின் இருந்தது. பழுதானதும் வேறு வீடுகளில் இடம் இல்லை என்று கடைசியில் இங்கேதான் வந்து நின்றுவிட்டது. அம்மா அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"அம்மா, இந்த வீடு விழுந்தா எல்லா வீடும் விழும். இதையெல்லாம் எடுக்கச் சொல்லு."

"முடியாது. ஆறு வருஷம் ஊரான் வீட்டுப் பாத்திரம் கழுவி உன்னைப் படிக்க வெச்சேன். நீ ஆபீசரா வர்ற அன்னிக்கு வெறும் வீட்டைக் காட்டணுமா? உக்காரு."

சின்னவள் நாற்காலியைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். நாலு நாற்பது. என்ன சொல்லி இவளை நகர்த்துவது என்று புத்திக்கு எட்டவில்லை. கால் இரண்டும் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தன. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் நன்றாக உட்கார்ந்தது அப்போதுதான்.

"அம்மா, பசிக்குது," என்றாள். தந்திரமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பசித்தது. "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

அம்மா யோசிக்கவே இல்லை. பெற்றவளுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் கால் தானாக அடுப்படிக்குப் போகும். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூடும் சத்தம். அம்மா திரும்பி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விருந்தாளி என்றால் 'இதோ வருது' என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு ஓடியிருப்பாள். நல்ல துணியின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லடி," என்றாள். "பிரிட்ஜைத் தூக்கிட்டு வந்த பசங்களுக்குப் போட்டுட்டேன். நாளைக்கும் இல்ல. ரெண்டு நாளா வேலை இல்ல."

பிறந்ததிலிருந்து அம்மா வாயில் அந்தச் சொல்லைச் சின்னவள் கேட்டதில்லை. பார்சல் யாரும் சொல்லாமலே பிரிட்ஜைச் சாய்த்து வண்டியில் ஏற்றினான். டிவியும் போயிற்று. அம்மா தடுக்கவில்லை.

"மிஷினையும் தூக்கிடவா?" என்று கேட்டான்.

"தொடாதே. அது இருக்கு. இருக்கறது இருக்கட்டும்."

படம் எடுத்தாள். மிஷினும் அம்மாவும் மட்டும் இருந்த படம். மிஷினுக்கு 'உண்டு' போட்டாள். ஒன்று. மற்றதெல்லாம் இல்லை. எட்டாவது கேள்வி வந்தபோது மணி நாலு ஐம்பத்து மூன்று.

பின்கதவைத் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு அத்தை. நடுச்சுவர் ஒற்றைக் கல் சுவர். இந்த வீட்டுப் பெருமூச்சு அந்த வீட்டில் கேட்கும். அம்மா தாழை நீக்கினாள். அத்தை ஒரு பெரிய பானையை இரண்டு கையாலும் தூக்கிவந்து தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். ஆவி பறந்தது.

"பிள்ளை பசியோட இருக்கான்னு காதுல விழுந்துச்சு. சாப்பிடட்டும். நாளைக்கும் ஆகும்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? இப்ப உண்டுன்னு மாத்திப் போடு. கண்ணு முன்னாடி இருக்கு, பொய் சொல்லக் கூடாது."

"அது அத்தை வீட்டுப் பானைம்மா."

"அதனால?"

"எங்களுக்கு இந்த வீட்டைப் பத்தித்தான் கேள்வி."

"அதான் இந்த வீட்டுல இருக்கே."

நாலு ஐம்பத்து ஆறு. திரையின் ஓரத்தில் சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வந்தன. இதை விளக்க ஒரு நாள் வேண்டும், ஒரு வருஷம் வேண்டும். அவளிடம் நாலு நிமிஷம்தான் இருந்தது.

"அம்மா, அது வேற வீடு," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. அத்தையின் கை மூடிமேல் அப்படியே நின்றது.

"வேற வீடா?" என்று அத்தை கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரியாத சாலையைப் பற்றி விசாரிப்பது போல்தான் கேட்டாள்.

சின்னவள் 'இல்லை' என்பதை அழுத்தினாள். டேப்லெட்டை நீட்டினாள். அம்மா கட்டைவிரலை வைத்தாள். சக்கரம் ஒன்று சுழன்றது, நின்றது. முப்பத்தொரு வீடு. வசதியான வீடு மூன்று. பட்டியலுக்குத் தகுதி உண்டு. பச்சை எழுத்து. ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது.

"கெடச்சிடுச்சும்மா!" என்று கத்தினாள். "மண்ணு நமக்குத்தான். இனி அந்த மதில் ஒரு அடி நகராது."

வெளியே பார்சல் விசிலடித்தான். தெருவில் யாரோ சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அத்தை, "நல்லதும்மா, நல்லாயிருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பானையை வைத்துவிட்டுத்தான் போனாள். போகும்போது முன்வாசல் வழியாகப் போனாள்.

அம்மா தட்டை எடுத்துவந்து கழுவினாள். கழுவிய தட்டை இன்னொரு முறை துடைத்தாள். பிறகு மூலையிலிருந்த சிவப்பு நாற்காலியை இழுத்து, துண்டால் தட்டி, மகளுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"தரையில உக்காந்தா துணி அழுக்காயிடும். மேல உக்காரு," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகச் சொன்னாள்.